கார்டு காலாவதியானால் வேலையும் காலாவதியா?

கேள்வி: வணக்கம். என் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருநூறு பேர் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். கிரீன் கார்டு வாங்கிப் பத்து ஆண்டுகள் முடியப்போகின்றன. அடுத்த மாதம் கார்டு காலாவதியாகிறது. "புதிய கார்டைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் பணி அட்டவணையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம்" என்று எச்.ஆரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதற்கு நடுவே, மூன்று வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். ஆள் எடுக்கும் பெண்மணி தொலைபேசியில், "ராணுவ ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, குடிமக்களைத்தான் எடுப்போம், கிரீன் கார்டு போதாது" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டேனே என்று வருத்தமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, மதிய உணவு நேரத்தில் மதுரைத் தோழியோடு தமிழில் பேசினால் எங்கள் குழுத் தலைவர் "இங்கே இங்கிலீஷ் மட்டும்" என்கிறார். இந்தியர் என்பதால்தானே இவ்வளவும்? "இந்த வம்பெல்லாம் நமக்கு எதற்கு" என்கிறார் கணவர். அப்பாவின் வயல் என் பெயருக்கு வரவேண்டியிருப்பதால் நான் இதுவரை அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் மின்னஞ்சலைப் பார்ப்போம். கெடு வைத்திருப்பது அதற்குத்தான்.

காலாவதியாவது கார்டு மட்டுமே. நிரந்தரக் குடியிருப்பாளர் என்ற உங்கள் நிலை அந்தத் தேதியில் முடிவதில்லை. வேலை செய்யும் உரிமையும் முடிவதில்லை. நீங்கள் சேர்ந்த அன்று, இங்கே வேலை செய்ய அனுமதி உண்டு என்பதைச் சரிபார்க்கும் ஐ-9 என்ற படிவத்தை நிரப்பி, ஆதாரம் காட்டியிருப்பீர்கள். அன்றைக்குச் செல்லுபடியாகும் கிரீன் கார்டைக் காட்டியிருந்தால் உங்கள் கணக்கு அத்தோடு தீர்ந்தது. அமெரிக்கக் குடியேற்றத் துறை முதலாளிகளுக்காகவே வெளியிட்டிருக்கும் ஐ-9 கையேட்டில், நிரந்தரக் குடியிருப்பாளரின் கார்டு பின்னால் காலாவதியானால் மறுபடி சரிபார்க்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் குத்திய தற்காலிக முத்திரையைக் காட்டிச் சேர்ந்தவர்களுக்கு வேறு கணக்கு. நீங்கள் கார்டு கைக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவர். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

இப்படிப்பட்ட மின்னஞ்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் யாருடைய வெறுப்பும் இருக்காது. எச்.ஆர். மென்பொருளில் "காலாவதித் தேதி" என்று ஒரு கட்டம் இருக்கும். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் வந்தவருக்கு அது தேவை. அதே கட்டத்தில் உங்கள் கார்டின் தேதியையும் யாரோ ஏற்றிவைத்திருப்பார். தேதி நெருங்கியதும் மென்பொருள் தானாகக் கடிதத்தைத் தட்டிவிடும். ஆனால் வெறுப்பு இல்லை என்பதால் நிறுவனம் தப்பிவிட முடியாது. காரணம் எதுவாயினும், பகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடியுரிமை நிலையையோ பூர்வீகத்தையோ வைத்து ஒருவரை வேண்டுமென்றே வேறுவிதமாக நடத்தினால் அது பாகுபாடுதான் என்று அமெரிக்க அரசின் நீதித்துறை வகுத்த விதி சொல்கிறது. பக்கத்து மேசைக்காரர் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சேர்ந்திருப்பார். அது காலாவதியானபோது அவரிடம் யாராவது புதியது கேட்டார்களா?

ஆகவே எச்.ஆருக்கு மூன்றே வரியில் பதில் எழுதுங்கள். சேர்ந்தபோது செல்லுபடியாகும் நிரந்தரக் குடியிருப்புக் கார்டைக் காட்டினேன். ஐ-9 கையேட்டின்படி அதை மறுபடி சரிபார்க்க வேண்டியதில்லை. இதற்கு மாறாக ஏதேனும் விதி இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். இவ்வளவு போதும். "பாகுபாடு", "வழக்கு" என்ற சொற்கள் முதல் கடிதத்தில் வேண்டாம். தவறு என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும் எச்.ஆர்.கள் நிறைய உண்டு. அவர்கள் பின்வாங்குவதற்கு ஒரு வழியை விட்டுவையுங்கள்.

மசியவில்லை என்றால் நீதித்துறையின் குடிமை உரிமைப் பிரிவில் ஐ.இ.ஆர். என்ற அலுவலகம் இருக்கிறது. குடியேறியவர்கள், பணியாளர்கள் ஆகியோரின் உரிமைக்கென்றே ஏற்பட்டது. பணியாளர்களுக்கான அதன் தொலைபேசி எண் 1-800-255-7688. மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அங்கிருப்பவர்கள் தேவைப்பட்டால் உங்கள் நிறுவனத்தையே நேரடியாக அழைத்து விதியைச் சொல்லிவிடுவார்கள். வழக்கு, வாய்தா எதுவும் இல்லாமல் ஒரே அழைப்பில் முடிந்துபோவதும் உண்டு.

அதற்காகக் கார்டைப் புதுப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். 18 வயது நிரம்பிய நிரந்தரக் குடியிருப்பாளர் செல்லுபடியாகும் கார்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது தனிச் சட்டம். அது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம், எச்.ஆருக்கு அதில் வேலையில்லை. ஐ-90 படிவத்தில் விண்ணப்பித்தால் கிடைக்கும் ரசீது, பழைய கார்டின் ஆயுளை 36 மாதம் நீட்டுகிறது. 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் நடைமுறை.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. இங்கேதான் "இந்தியர் என்பதால்தானே" என்ற உங்கள் கேள்வியை நான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த நாட்டுச் சட்டத்தில் நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்பது ஒன்று, எந்த நாட்டுக் குடிமகள் என்பது இன்னொன்று. நம் பேச்சில் இரண்டும் ஒன்றுதான். நீதிமன்றத்தில் அவற்றுக்குத் தனித்தனி வாசல்.

இந்தப் பிரிவினை ஒரு தையல் வேலையிலிருந்து தொடங்கியது. 1969இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஒரு துணி நிறுவனத்தில் தையல் வேலைக்கு விண்ணப்பித்தார் எஸ்பினோசா என்ற பெண். மெக்சிகோ குடிமகள், அமெரிக்காவில் சட்டப்படி நிரந்தரமாகக் குடியிருந்தவர். குடிமக்கள் அல்லாதவர்களை எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம், ஏழாம் பகுதி, பூர்வீக நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதன்கீழ் அவர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1973இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வம்சாவளியினரே. மெக்சிகோக்காரர்களை வெறுக்கும் நிறுவனம் அவர்களையே வைத்து எப்படி ஆலை நடத்தும் என்று கேட்டது நீதிமன்றம். குடியுரிமை இல்லை என்பதற்காக மறுப்பதும் பூர்வீகத்துக்காக மறுப்பதும் ஒன்றாகாது என்று தீர்ப்பானது. குடியுரிமை நிபந்தனையைப் பூர்வீக வெறுப்புக்கு முகமூடியாகப் பயன்படுத்தினால் மட்டும் ஏழாம் பகுதி பாயும்.

அந்த ஓட்டை பதின்மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1986இல் வேறொரு காரணத்துக்காக அதை அடைத்தார்கள். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் என்ற சட்டம் அந்த ஆண்டு வந்தது. உங்களைப் படுத்தும் ஐ-9 படிவமும் அதில் பிறந்ததுதான். அபராதத்துக்குப் பயந்து, அயலாராகத் தெரிகிறவர், வேறுவிதமாகப் பேசுகிறவர் எல்லோரையும் முதலாளிகள் தவிர்க்கத் தொடங்குவார்களே என்ற அச்சம் எழுந்தது. அதனால் அதே சட்டத்தில் குடியுரிமை நிலையை வைத்து வேலை மறுப்பதையும் தடைசெய்தார்கள். நான்கு பேர் வேலை பார்க்கும் இடத்துக்கும் இது பொருந்தும். ஏழாம் பகுதிக்கோ பதினைந்து பேர் வேண்டும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. அமெரிக்கக் குடிமக்கள், அகதிகள், அடைக்கலம் பெற்றவர்கள், "புதிய" நிரந்தரக் குடியிருப்பாளர்கள் ஆகியோருக்குத்தான். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு "விசா ஏற்பாடு செய்யமாட்டோம்" என்று வேலை மறுக்கலாம். அது சட்டப்படி சரிதான். புதியவர் என்று யாரைச் சொல்கிறார்கள்? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்காதவர் இந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். பொதுவாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டில் அந்தத் தகுதி வந்துவிடும். உங்களுக்கு அந்த ஆறு மாதம் நான்கரை ஆண்டுகளுக்கு முன்பே கடந்துபோய்விட்டது. இதைச் சொல்ல எனக்கே கசப்பாகத்தான் இருக்கிறது. என்னிடம் வரும் நம்மவர்களில் பாதிப் பேர் இந்த ஆறு மாதக் கணக்கைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனமில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போட்டவர்கள் எல்லோரும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாமதமாக இப்போது விண்ணப்பித்தாலும் விழுந்த பாதுகாப்பு உடனே எழுந்து நிற்காது. நீங்கள் குடிமகளான அன்றுதான் திரும்பும். மின்னஞ்சல் விஷயத்திலும், உங்கள் பெயரில் வழக்கு என்று போனால் இந்த ஆறு மாதச் சிக்கல் குறுக்கிடலாம். கையேட்டின் விதியை எடுத்துக்காட்டவும் ஐ.இ.ஆருக்குத் தொலைபேசியில் பேசவும் அது தடையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பெண்மணி சொன்ன ராணுவ ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள், ஐடார் என்பார்களே, அவை குடிமகளாக இருக்க வேண்டும் என்று எங்கும் கேட்கவில்லை. தொழில்நுட்ப விவரங்களை "அமெரிக்க நபர்" அல்லாதவருக்குக் கொடுக்க வேண்டுமானால் உரிமம் வாங்கு என்கின்றன, அவ்வளவுதான். நிரந்தரக் குடியிருப்பாளர், அகதி, அடைக்கலம் பெற்றவர் எல்லோரும் அந்த "அமெரிக்க நபர்" வரையறைக்குள் வருகிறார்கள். அங்கே ஆறு மாதக் கணக்கும் கிடையாது. ஏவுகணைப் பாகத்தின் வரைபடத்தைப் பார்க்க உங்களுக்குத் தகுதி உண்டு. அந்த வேலையை மறுத்ததற்காக 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் முறையிடத்தான் தகுதி போய்விட்டது. ஒரு சட்டத்துக்கு நீங்கள் உள்ளே, இன்னொன்றுக்கு வெளியே.

ஏற்றுமதி விதியைத் தவறாகப் படிப்பது சின்னக் கம்பெனிகளின் வழக்கம் மட்டுமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏற்றுமதிச் சோதனையையும் ஐ-9 சோதனையையும் ஒன்றாகக் குழப்பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடம் தேவையற்ற ஆவணம் கேட்டது என்பது நீதித்துறையின் குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் 3,65,000 டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டு முடித்துக்கொண்டார்கள். மற்றொரு பக்கம், குடிமக்களை மட்டும் எடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமோ விதியோ அதிபரின் ஆணையோ அரசு ஒப்பந்தமோ சொன்னால் அப்படி எடுப்பது சரியே. ரகசியக் கோப்புகளைப் பார்க்கும் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள் அப்படிப்பட்டவை. ஆகவே அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எந்த விதியோ ஒப்பந்தமோ குடியுரிமையைக் கேட்கிறது என்று கேளுங்கள். ஐடாரைத் தவிர வேறு பதில் வராவிட்டால் அவர்கள் காலடியில் மண் இல்லை. தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் வாங்குவதற்கும் இதுவே வழி.

பேச்சைப் பதிவு செய்யவில்லையே என்று வருந்துகிறீர்கள். நல்லவேளை, செய்யவில்லை. கனெக்டிகட்டில் பேசும் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் தொலைபேசி உரையாடலைப் பதிவு செய்தால், அந்தப் பெண்மணி உங்கள்மேல் வழக்குப் போடலாம். அழைப்பு வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தைகள், இவற்றை நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். வேலை விளம்பரத்தைப் படமாக எடுத்து வையுங்கள்; நாளைக்கே அதை மாற்றிவிடக்கூடும்.

உங்களுக்கென்று ஒரு பழைய கதவு திறந்திருக்கிறது. 1981ஆம் பிரிவு என்பார்கள். எண்ணைப் பார்த்து ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள், அதன் வேர் 1866ஆம் ஆண்டின் சட்டத்தில் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு ஒப்பந்தம் செய்யும் உரிமையைக் கொடுக்க எழுதியது. வேலையும் ஒப்பந்தம்தானே. அயலார் என்பதற்காகத் தனியார் காட்டும் பாகுபாட்டுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று, தொழிற்சங்கம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், நியூயார்க்கில் இருக்கும் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. கனெக்டிகட் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. டெக்சஸில் இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கமாட்டேன். இதில் ஆறு மாத நிபந்தனை இல்லை. இங்குள்ள வேலைச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் இந்தப் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஐ.இ.ஆருக்கும் விளம்பரத்தை அனுப்பலாம். உங்களுக்குப் பயன்படாவிட்டாலும், அதே விளம்பரம் நேற்றுக் கார்டு வாங்கியவரையும் அகதியையும் தடுக்கிறது. புகார்தாரர் இல்லாமலே விசாரிக்கும் அதிகாரம் அந்த அலுவலகத்துக்கு உண்டு.

இதே சட்டம் எதிர்த்திசையிலும் வெட்டும் என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. சில வேலைகளைத் தற்காலிக விசாக்காரர்களுக்கென்று ஒதுக்கி, குடிமக்களையும் கிரீன் கார்டுக்காரர்களையும் தள்ளியதாக எழுந்த குற்றச்சாட்டில் ஃபேஸ்புக் 2021இல் 1.425 கோடி டாலர்வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆப்பிள் 2023இல் 2.5 கோடிக்கு ஒப்புக்கொண்டது. அங்கே பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் உங்களைப் போன்றவர்களும்தான்.

வயல் விஷயத்துக்கு வருகிறேன். குடியுரிமையை நீங்கள் ஒத்திப்போட்டதற்கு அதுதான் காரணம் என்றால், அந்தக் காரணம் நிற்காது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பது உண்மை. அமெரிக்கக் குடிமகளானால், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைதான். ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. ஆனால் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்திய அந்நியச் செலாவணி விதிகளில் அதே தடைதான். இன்றைக்கு இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஹார்ட்ஃபோர்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பெயருக்கு அப்பா செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாலும் சிக்கல், நாளைக்கு எழுதினாலும் சிக்கல். வாரிசாக வரும் நிலமோ இரண்டு நிலையிலும் வரும். ஊரில் பத்திரம் பார்க்கும் வக்கீலிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு குடியுரிமைக்கான என்-400 படிவத்தை அனுப்புங்கள். அந்த விண்ணப்பத்தின் ரசீதும் கார்டின் ஆயுளை 24 மாதம் நீட்டும்.

மதிய உணவுத் தமிழுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இது பூர்வீகப் பாகுபாடு. ஏழாம் பகுதியின் கதவு. சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈ.இ.ஓ.சி.யின் விதிப்படி, எந்நேரமும் ஆங்கிலம் மட்டுமே என்ற கட்டளை சட்டவிரோதம் என்ற அனுமானத்தோடுதான் பார்க்கப்படும். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் என்றால் தொழில் தேவை இருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஓடும் எந்திரத்தின் அருகே எச்சரிக்கைக் குரல் எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது தேவை. சாம்பார் சாதத்துக்கு அந்தத் தேவை இல்லை. குழுத் தலைவரிடம் "இது நிறுவனத்தின் எழுத்துபூர்வமான விதியா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினைகள் அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுகின்றன. அடங்காவிட்டால் ஈ.இ.ஓ.சி.யிடமோ மாநில மனித உரிமை ஆணையத்திடமோ 300 நாட்களுக்குள் புகார் கொடுக்கலாம்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. முதல் புகார் தோற்றாலும் அது நிற்கக்கூடும். வம்பு என்று அவர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது; ஆனால் எச்.ஆருக்கு மூன்று வரி எழுதுவது வம்பில் சேராது. ஐ.இ.ஆரின் கெடு 180 நாள். அந்த அழைப்பு வந்து மூன்று வாரம் என்கிறீர்கள், அவசரமில்லை, அவகாசம் இருக்கிறது. மின்னஞ்சலுக்கான பதிலை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது ஒரு நகலை அலுவலகக் கணினியில் இல்லாத உங்கள் சொந்த முகவரிக்கும் அனுப்பி வையுங்கள்.